ஏழு சுற்றுப் பொலித்தீன்

நகத்தளவு பொலித்தீன் துண்டு ஒன்று. வெலோ என்று இங்கே சொல்கிற என் மலைச் சைக்கிளின் முன்பாதியும் பின்பாதியும் சேர்ந்து மடங்குகிற மூட்டின் இடுக்கில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒருகாலத்தில் கண்ணாடியாக இருந்தது, இப்போது தேத்தண்ணி நிறம். ஒவ்வொரு முறையும் ஓடி முடித்து, எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் வெலோ அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தி, பழைய பருத்திச் சட்டையில் கிழித்த துணியால் அதிர்ச்சி தாங்குகிற பின் ஷொக்கின் தண்டைத் துடைப்பேன். அப்போது சுட்டுவிரல் அந்தத் துண்டின்மேல் படும். பட்டதும் தானாகவே விலகிக்கொள்ளும். சங்கிலி, சக்கரக் கம்பி, மிதிகட்டை என்று எல்லாவற்றையும் துடைக்கிறவள், அதை மட்டும் தூங்குகிற பூனையைச் சுற்றிப் போகிற மாதிரிச் சுற்றிக்கொண்டு போவேன். என் அத்தான் சுற்றிய ஏழு சுற்றில் மிஞ்சியது அது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபத்தொன்பது வருஷம் நின்றவர். 'வேலை செய்தவர்' என்று எழுதத்தான் கை போனது, ஆனால் நின்றவர் என்பதே சரி. அந்த வேலையில் உட்காருவதற்கு இடமில்லை. பாத்திரம் கழுவுகிற தொட்டியடியில் தொடங்கி, மரக்கறி வெட்டுகிற மேசைக்கு வந்து, கடைசிப் பதினைந்து வருஷமும் குளிர்ப் பகுதியில் சாலட்டுக்கும் புகைபோட்ட மீனுக்கும் பொறுப்பாக நின்றார். குளிர்ப் பகுதியில் எதையும் திறந்து வைக்கக்கூடாது. சாப்பாடு மூடுகிற அந்த மெல்லிய பொலித்தீன், அரை ஆள் நீளச் சுருளாக அவர் மேசையின் ஓரத்தில் எப்போதும் இருக்கும். இடது கையால் இழுப்பார், வலது கை தட்டின் விளிம்பில் ஒருமுறை ஓடும். அவ்வளவுதான். ஒரு சுருக்கம் விழாது. கொஞ்சக்காலம் நானும் அதே ஹோட்டலில் கட்டில் விரிக்கிற வேலை செய்தேன். மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கும்போது அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். குளத்தின்மேல் காற்றுப் போகிற மாதிரி இருக்கும்.

கை அப்படிப் பழகிவிட்டதால் வீட்டிலும் நிற்கவில்லை. டிவி ரிமோட் பொலித்தீனுக்குள் இருந்தது. சோபா, கடையிலிருந்து வந்த நாளில் போட்டிருந்த பிளாஸ்டிக்கோடேயே பதினொரு வருஷம் இருந்தது. கோடைகாலத்தில் அதில் இருந்து எழும்பினால் தொடைத் தோல் பிரிகிற சத்தம் கேட்கும். அடுப்புத் திருகு, கடவுச்சீட்டு, காரின் கியர்ப்பிடி, சாமிப்படத்து மூலையில் இருந்த தீப்பெட்டி எல்லாம் சுற்றப்பட்டிருந்தன. இது அவருக்கு மட்டும் உரிய வியாதி என்று சொல்லமாட்டேன். எங்கள் ஆட்களின் வீடுகளில் புதுப்பொருள் புதிதாகவே கிடந்து பழசாகிற வழக்கம் உண்டு. அத்தான் அதைக் கொஞ்சம் திறமையாகச் செய்தார், அவ்வளவுதான்.

"அத்தான், அக்காவை மட்டும் ஏன் சுத்தாமல் விட்டனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சுத்தினால் வாயும் மூடிப்போகும் மச்சாள். பிறகு என்னை ஆர் பேசுறது?"

உள்ளே இருந்து அக்கா, "பேச ஆளில்லாட்டித்தான் நீங்கள் உருப்படமாட்டியளே," என்றாள். அது அவர்களுடைய வீட்டின் சுவர்க்கடிகாரம் அடிக்கிற மாதிரி. ஒரு நாளைக்கு இருபத்துநான்கு முறை கேட்கும்.

ஒரேயொருமுறைதான் அவர் அதைப்பற்றிப் பகிடியில்லாமல் கதைத்தார். ஊரில் சண்டை நடந்தபோது சுன்னாகத்துக்குப் பக்கத்தில் இருந்த வீட்டைவிட்டு ஒரு காலையில் ஓடவேண்டி வந்ததாம். "சோறு இறக்கி வைச்சது. மூடாமல் வந்திட்டன்," என்றார். வீடு, காணி, கிணறு, எதையும் சொல்லாமல் ஒரு பானையின் மூடியைச் சொன்னார். அந்தப் பானையைத்தான் இருபத்தொன்பது வருஷமாக இங்கே மூடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அவருடைய மேசைக்கு நேரே ஒரு யன்னல். யன்னலுக்கு வெளியே குப்பைத்தொட்டிகள், அதற்கப்பால் தண்டவாளம், அதற்கப்பால் மலை. மலையின் இடுப்பளவில், காடு முடிந்து புல் தொடங்குகிற இடத்தில், கோடைக்கு மாடு கொண்டுபோய் மேய்க்கிற ஆல்ப் குடில் ஒன்று. அதன் பக்கத்தில் ஒரு கொடிக்கம்பம். அரிசிமணியளவு தெரியும். அத்தான் வெள்ளரிக்காய் சீவிக்கொண்டே அதைப் பார்ப்பார். "பென்சன் எடுத்தாப்பிறகு அங்க போய் இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கவேணும்," என்பார். தமிழிலும் சொல்வார், அவருடைய சமையலறை ஜெர்மனிலும் சொல்வார். அந்த ஜெர்மனில் சூடு, கூர், பின்னால் வாறன், விலகு என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். மற்றதைக் கையால் சொல்லவேண்டும். அவர் மலையைக் காட்டி, கோப்பை பிடிக்கிற மாதிரிக் கையை வாய்க்குக் கொண்டுபோவார்.

எங்கள் ஆட்கள் அப்படிச் சொன்னால் அது ஒரு பேச்சு. இந்த நாட்டுக்காரருக்கு அது ஒரு திட்டம். பென்சன் நாளில் சமையலறை முழுக்கச் சேர்ந்து பின்வாசலில் ஒரு வெலோவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வாடகைக்கு ஒரு கோடை ஓடிய மலை வெலோ. ஏற்றத்துக்குத் துணையாகச் சின்ன மின்மோட்டார். அவருக்கு முதுகு சரியில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தபடியால், முன்னுக்கு மட்டுமில்லாமல் பின்னுக்கும் ஷொக் உள்ளதாகத் தேடி எடுத்திருந்தார்கள். ஹேண்டிலில் ஒரு காகிதம் கட்டியிருந்தது. அதில் குடிலின் படமும் ஒரு தேநீர்க் கோப்பையும் வரைந்திருந்தது. பாத்திரம் கழுவும் பகுதியில் அத்தானோடு பதினெட்டு வருஷம் நின்ற மட்டக்களப்புக்காரர்தான் வரைந்தவர். "கோப்பை வாளி மாதிரிக் கிடக்கு," என்று அத்தான் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைக் குளிரறைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவருக்கு அந்த வெலோவில் பிடித்தது ஒன்றேயொன்று. பின் ஷொக். பொன்னிறத் தண்டு ஒன்று கறுப்பு உருளைக்குள் போய் வருகிறது. இருக்கையை அமுக்கினால் மூச்சு விடுகிற மாதிரி இறங்கி ஏறுகிறது. "உள்ளுக்க இரும்புச் சுருள் இல்லையாம் மச்சாள், வெறும் காத்துத்தானாம். காத்துக்கு மேல இருந்து போறம்." சின்னப்பிள்ளை மாதிரித் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சுருளை எடுத்துவந்தார். பென்சன் நாளில் அவர் ஹோட்டலிடம் கேட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான், திறக்காத ஒரு முழுச் சுருள். இடது கை இழுத்தது, வலது கை ஓடியது. ஷொக்கின் தலையிலிருந்து அடிவரைக்கும் ஏழு சுற்று. நான் எண்ணினேன். மீனைச் சுற்றுகிற அதே பதம். "சேறும் உள்ளுக்க போகாது, தூசும் போகாது," என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நானும் அதே வழக்கத்தில் வளர்ந்தவள்தானே.

அந்த வருஷம் ஒக்டோபர் முதல் நாள் அவர்கள் இன்டர்லாக்கனைவிட்டுப் போகவேண்டியிருந்தது. மகள் திரிம்பாக்கில் வீடு பார்த்துவிட்டாள், கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில். அக்காவுக்கு அதைவிட வேறு என்ன வேணும். பனிக்காலத்தில் அத்தானுக்கு முழங்கால் மாற்றுகிற சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு மலைப்பாதையை மறக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். ஆல்ப் குடில் யூனில் திறந்து செப்டம்பர் கடைசியில் பூட்டும். ஆக அந்தத் தேத்தண்ணிக்கு ஒரு கோடைதான் இருந்தது. அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்தச் சமையலறைக்கே தெரியும்.

நான் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவள். நாலு ஊர், ஆறு வேலை, கடைசியில் முதியோர் பராமரிப்பு இல்லம். வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் கால் நிற்காது. யாரோ தூக்கிப்போட்ட ஒரு பழைய வெலோவில் ஏரிக்கரையெல்லாம் சுற்றித் திரிந்தவள் என்பதால் துணைக்குப் போகிற பொறுப்பு எனக்கு வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் போய்க் கதவைத் தட்டுவேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காரணம் இருக்கும். மழை பெய்தால் பாதை சேறு. மழை விட்டால், "சேறு காயட்டும் மச்சாள்." காய்ந்தால், "இப்ப தூசு." ஆகவே ஏரிக்கரைத் தார்வீதியில் போய்த் திரும்புவோம். மட்டமான வீதி, ஒரு கல் இல்லை. அந்தத் தண்டுக்கு ஏறி இறங்க ஒரு வேலையும் இருக்காது. திரும்பி வந்ததும் நேரே ஹோட்டலின் பின்முற்றத்துக்குத்தான் ஓட்டுவார். அங்கே சமையலறை ரப்பர் விரிப்புகளைக் கழுவுகிற அழுத்தக் குழாய் இருக்கிறது. பொலித்தீனைக் கழற்றி, அடுப்பு எண்ணெய் கழற்றுகிற மருந்தை ஷொக்குக்கு அடித்து, குழாயால் நேரே பிடிப்பார். வெடிக்கிற மாதிரித் தண்ணீர் போகும். பிறகு மினுங்குகிற தண்டைப் பார்த்துத் திருப்திப்பட்டு, ஈரம் காயுமுன்னரே புது ஏழு சுற்று. மட்டக்களப்புக்காரர் கதவடியில் நின்று, "அண்ணன், அதையும் பாத்திர மெஷினுக்குள்ள வையுங்க, மூண்டு நிமிசத்தில பளிச்செண்டு வரும்," என்பார். அத்தானுக்கு அந்தப் பகிடி வேண்டியிருந்தது. வெலோ கழுவ மட்டும் அவர் அங்கே போகவில்லை என்பது யாருக்கும் விளங்கும்.

செப்டம்பரின் கடைசிக்கு முதல் ஞாயிறு, அக்கா சொல்லிவிட்டாள். "இஞ்சேருங்கோ, வீடு முழுக்கப் பெட்டி கட்டியாச்சு. இண்டைக்கு மேல போகாட்டி அந்தக் குடிலை நான் படத்தில வரைஞ்சுதான் திரிம்பாக்குக்குக் கொண்டுவரவேணும்." போனோம். தார் முடிந்து சரளை தொடங்கியது. முதல் வளைவு தாண்டவில்லை, பின்னாலிருந்து ஒரு சத்தம். எலி கத்துகிற மாதிரி. ஒவ்வொரு மேடுக்கும் கத்தியது. பிறகு வெலோ பின்பக்கமாக அமுங்கி, அமுங்கினபடியே நின்றுவிட்டது. அத்தான் இறங்கி நின்றார். நான் பொலித்தீனைப் பிரித்தேன். ஏழு சுற்று உரிய உரிய உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு களி. ஏரிக்கரைத் தூசும், காயாத தண்ணீரும், மருந்தும் சேர்ந்து அரைத்தது மாதிரி. பொலித்தீனின் ஓரம், தண்டு உருளைக்குள் போகிற இடத்து ரப்பர் வாய்ப்பட்டிக்குள் இழுபட்டுக் கிழிந்திருந்தது. பொன்னிறத்தின்மேல் தலைமயிர் அளவில் ஒரு கோடு.

"நான் மூடித்தானே வைச்சனான்," என்றார்.

அவர் குரலை நான் முன்பு ஒருமுறைதான் அப்படிக் கேட்டிருந்தேன், பானையைப்பற்றிச் சொன்ன அன்று. குடில் எங்களுக்கு மேலே, கொடியின் சிவப்புக்கூடத் தெரிகிற கிட்டத்தில் இருந்தது. நடந்து போகலாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் முழங்காலைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இரண்டு வெலோவையும் உருட்டிக்கொண்டு இறங்கினோம்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போகுமுன் ஸ்டேஷனடி வெலோத் திருத்தகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவள் என் வயதுக்காரி. கை முழுக்கக் கறுப்பு, காதில் முத்து. ஷொக்கை ஒரு பார்வை பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். "இதற்கு அடுப்பு கழுவுகிற மருந்து அடித்தது யார்?" என்று கேட்டாள். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் சுவரில் தொங்கிய திருகுச் சாவிகளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. ஷொக்கைக் கழற்றி மேசைமேல் வைத்து விளங்கப்படுத்தினாள். நான் தமிழில் சொன்னேன். தண்டுக்கு மேலே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கவேண்டும், மருந்து அதைத்தான் முதலில் கொண்டுபோய்விட்டது. அழுத்தத் தண்ணீர், வாய்ப்பட்டி தடுக்கவேண்டிய தூசை அந்தப் பட்டியைத் தாண்டி உள்ளே தள்ளிவிட்டது. பிறகு பொலித்தீன், உள்ளே போனதை வெளியே வரவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. தூசு வரும், அதைத் தடுக்க ஏலாது, வந்தது திரும்பிப் போகிறதுக்கு வழி இருக்கவேண்டும் என்றாள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ஒரு சொட்டு எண்ணெய், நாலுமுறை அமுக்கு, தண்டில் கறுப்பு வளையமாக ஊத்தை வரும், அதைத் துடைத்துவிடு. வருஷத்துக்கு ஒருக்கால் என்னிடம் கொண்டுவா, பட்டி மாற்றித் தருகிறேன்.

"அப்ப ஒண்டும் போட்டு மூடக்கூடாதோ எண்டு கேளும்," என்றார் அத்தான்.

கேட்டேன். அவள் குப்பைக்கூடையில் இருந்து ஒரு பழைய டியூபை எடுத்து, கத்தரியால் உள்ளங்கையளவு வெட்டினாள். நாலு மூலையிலும் துளை. வெலோவின் பின்சக்கரத்துக்கும் ஷொக் இருக்கவேண்டிய இடத்துக்கும் நடுவில் அதைத் தொங்கவிட்டு நாலு பிளாஸ்டிக் கட்டுகளால் இறுக்கினாள். சக்கரம் எறிகிற கல்லும் சேறும் அதில் பட்டு விழும். இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும், காற்று ஓடும், துணி பிடித்த கை உள்ளே போகும். தண்டில் அது தொடாது. அத்தான் குனிந்து, விரலால் அந்த ரப்பரை ஒருக்கால் ஆட்டிப் பார்த்தார். "குடை மாதிரி," என்றார். "குடை பிடிச்சாலும் காலில சேறு படும்தானே." பிறகு அவராகவே, "பட்டால் கழுவலாம்," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "மெல்லமா," என்றார்.

தண்டில் விழுந்த கோட்டைத் தேய்த்துச் சரிப்படுத்தலாம் என்று அவள் சொன்னாள். மூட்டின் இடுக்கில் போய் மாட்டிக்கொண்ட பொலித்தீன் துண்டைக் காட்டி, இதை எடுப்பதென்றால் மூட்டையே பிரிக்கவேண்டும், ஒரு கெடுதலும் செய்யாது, கிடக்கட்டும் என்றாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் தருவேன். ஆனால் ஒன்று, சனிக்கிழமை அடைக்குமுன் இதைச் சேற்றோடு இங்கே கொண்டுவந்து காட்டவேண்டும், சேறில்லாமல் வந்தால் இனிமேல் கதவு திறக்கமாட்டேன். இதை மட்டும் அத்தானின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சொல்லும்போது கையால் தன் கன்னத்தில் சேறு பூசிக் காட்டினாள். நான் மொழிபெயர்க்கவேண்டி இருக்கவில்லை. அது சமையலறை ஜெர்மன்.

சனிக்கிழமைதான் குடிலின் கடைசி நாள். வெள்ளி இரவெல்லாம் மழை. காலையில் கதவைத் தட்டும்போது, சேறு காயட்டும் என்று சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு படியில் இருந்தார். "சேறு கிடக்கேக்க போவம்," என்றார். "காஞ்சால் அவள் நம்பமாட்டாள்."

அந்த ஏற்றத்தை நான் எப்படி எழுதுவது. சரளை, வேர், சாணம், ஊற்று வழிந்த பாறை. மோட்டார் மெல்ல முனக, அத்தான் என் முன்னால் போனார். அவர் முதுகு அசையவில்லை. கீழே சக்கரம் கல்லில் ஏறி விழுந்துகொண்டிருக்க, நடுவில் அந்தத் தண்டு போய் வந்து, போய் வந்து, அதிர்ச்சியையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது. சத்தமேயில்லை. சக்கரம் எறிந்த சேறு ரப்பரில் சளக் சளக்கென்று பட்டு விழுந்தது. எனக்கு அப்படி ஒரு வசதியும் இல்லை, என் பழைய வெலோவில் பல்லெல்லாம் ஆடியது. "அத்தான், மெல்லப் போங்கோ," என்று கத்தினேன். "காத்துக்கு மேல போறவனுக்கு என்ன மெல்ல," என்று பதில் வந்தது. இரண்டு இடத்தில் இறங்கி உருட்டினோம். ஓரிடத்தில் அவர் விழுந்தார், மெத்தென்று, சாணத்தில். எழும்பி முதலில் ஷொக்கைத்தான் பார்த்தார், பிறகுதான் முழங்காலை.

குடிலில் மாடுகள் இல்லை, முந்திய வாரமே இறங்கிவிட்டன. அந்த வீட்டுக்காரி ஆட்கள் உட்காருகிற மர வாங்குகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பூட்டியாயிற்று என்று சொல்ல வந்தவள் அத்தானின் முகத்தில் இருந்த சேற்றைப் பார்த்து ஒரு வாங்கைத் திரும்ப நிமிர்த்தினாள். தேத்தண்ணி கேட்டோம், புதினா இலைத் தண்ணீர்தான் இருக்கிறது என்றாள். அத்தான் சட்டைப்பைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலம் எடுத்தார். தேயிலையும் சீனியும். பொலித்தீனில் சுற்றியிருந்தது. நான் சிரித்த சிரிப்பில் வாங்கு ஆடியது. "என்ன சிரிப்பு, இதுக்கு மூடத்தான் வேணும்," என்றார். சுடுதண்ணீரும் பாலும் வாங்கி, அவளுடைய அடுப்பிலேயே அவர் தேத்தண்ணி போட்டார். அவளுக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்.

வெளியே வந்து இருந்து கீழே பார்த்தோம். இரண்டு ஏரி, நடுவில் ஊர். ஹோட்டலைக் கண்டுபிடிக்க நேரம் எடுத்தது. புகை போகிற வெள்ளிக்குழாயை வைத்துத்தான் அத்தான் பிடித்தார். யன்னல் தெரியவில்லை, அது இருக்கிற சுவர் தெரிந்தது. போனை எடுத்தார்.

"எங்க நிக்கிறீர்?"

"வேறெங்க, உங்கட மேசையடியிலதான் அண்ணன்." மட்டக்களப்புக்காரரின் குரல் எனக்கும் கேட்டது.

"யன்னலடிக்கு வாரும். மேல பாரும். நான் தெரியிறனோ?"

பாத்திரம் இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஓம் அண்ணன், வடிவாத் தெரியிறீங்க. சேட்டுப் பொத்தான் ஒண்டு பூட்டாமல் விட்டிருக்கிறீங்க."

அத்தான் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சிரித்தார். "நில்லுங்க, வைக்காதீங்க," என்றது போன். கீழே, அந்தச் சுவர் இருந்த இடத்தில், ஒரு மினுக்கம். போய், திரும்ப வந்தது. சூரியனுக்கு நேரே யாரோ ஒரு பெரிய எவர்சில்வர்த் தட்டைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். அங்கிருந்து தெரியாது என்று அவருக்குத் தெரியும். மினுக்கம் நிற்கிறவரைக்கும் ஆட்டினார்.

"அங்க நிண்டு பாக்கேக்க இது கிட்டத்தான் இருந்தது மச்சாள்," என்றார், திரும்ப வாங்கில் இருந்தபிறகு. "இஞ்ச இருந்து பாத்தால்தான் அது எவ்வளவு தூரம் எண்டு தெரியுது."

திருத்தகம் அடைக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். அவள் வெளியே வந்து வெலோவைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு அத்தானைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். ரப்பரின் பின்பக்கம் விரலளவுச் சேறு. முன்பக்கம், ஷொக்கில், அங்கங்கே தெறித்த பொட்டு மட்டும். இருக்கையை அமுக்கினாள். தண்டில் மெல்லிய கறுப்பு வளையம் ஒன்று வந்தது. அதை விரலில் எடுத்து, பொட்டு வைக்கிற மாதிரி அத்தானின் மூக்கில் வைத்தாள்.

ஒக்டோபர் முதல் நாள் அவர்கள் போனார்கள். வெலோ என்னிடம் வந்தது. "அங்க கோயிலுக்குப் போக ஏறவேண்டிய மலை ஒண்டுமில்லை. நீர் ஓடும். ஆனால் கழுவாதையும், துடையும்," என்றார். போய் ஒரு மாதத்தில் அக்கா போன் எடுத்தாள். "உன்ர அத்தானுக்கு என்ன நடந்தது? சோபாவில இருந்த பிளாஸ்டிக்கைக் கழட்டிப்போட்டார். இப்ப பேரப்பிள்ளை அதில மைலோ ஊத்திப்போட்டான்." அத்தான் என்ன சொன்னார் என்று கேட்டேன். "துடைக்கலாமாம்," என்றாள். ரிமோட் மட்டும் இன்னும் பொலித்தீனுக்குள்தான். போன தீபாவளிக்குப் போனபோதும் பார்த்தேன்.

எட்டு வருஷம் ஆகிவிட்டது. நான் இப்போதும் ஓரிடத்தில் இருப்பதில்லை, ஆனால் திரும்பி வருகிறேன். ரப்பரை மூன்றுமுறை மாற்றியாயிற்று. தண்டின் கோடு விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. இந்த வாரம் அந்த முத்துத்தோடுக்காரி, மூட்டின் உருளைகள் தேய்ந்துவிட்டன, பிரித்து மாற்றவேண்டும், நாளைக்குக் கொண்டுவா என்று சொல்லிவிட்டாள். பிரித்தால் அந்தத் துண்டும் வந்துவிடும். வெலோ அறையில் நின்றபடியே அத்தானுக்குப் போன் எடுத்தேன். கோயிலில் நின்றார், பின்னால் மணிச்சத்தம்.

"அத்தான், உங்கட ஏழு சுத்தில ஒரு துண்டு இன்னும் கிடக்குது. நாளைக்கு எடுக்கப்போறாள். என்ன செய்ய?"

"எடுக்கட்டும் மச்சாள். அதுவும் மேல போய்ப் பாத்திட்டுது, இனிப் போதும்." பிறகு, "உமக்குக் கவலையெண்டால் சொல்லும், வேற துண்டு அனுப்பிவிடுறன். அந்தச் சுருள் இன்னும் அரைவாசி கிடக்கு."

போனை வைத்துவிட்டுத் துணியை எடுத்தேன். இருக்கையை நாலுமுறை அமுக்கினேன். தண்டில் வளையம் வந்தது, துடைத்தேன். சட்டத்தைத் துடைத்துக்கொண்டே மூட்டுக்கு வந்தேன். நாளைக்குப் போகப்போகிறதுதானே என்று விரல் நினைக்கவில்லை. இந்த முறையும் சுற்றிக்கொண்டுதான் போனது.